'முயற்ச்சி' என்னும் பிழை: தமிழ் கற்போரும் கணினிப் பிழைதிருத்திகளும்

முன்னுரை

தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் கணினியில் கட்டுரை எழுதுகையில் 'முயற்ச்சி' எனத் தட்டச்சு செய்கின்றார் என்று கொள்வோம். சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடொன்று தோன்றுகின்றது. சொல்லைச் சொடுக்கியவுடன் 'முயற்சி' என்னும் வடிவம் பரிந்துரைக்கப்படுகின்றது. மாணவர் அதனைத் தேர்ந்தெடுக்கின்றார், கோடு மறைகின்றது. கட்டுரை திருந்திவிட்டது. மாணவர் திருந்தினாரா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினாவாகும்.

இயற்கைமொழியைக் கணினிவழிப் பகுத்தாராயும் தொழில்நுட்பம் கல்விக்குத் துணைசெய்யும் என்பதில் கருத்து வேறுபாடு கொள்வார் இன்று அரியர். ஆயினும், அத்துணை யாருக்கு உரியது, எந்நிலையில் உரியது என்பன பற்றித் தமிழ்க்கல்விச் சூழலில் நாம் போதிய அளவு விவாதித்தோமல்லம். இன்று நம் கைகளில் உள்ள பிழைதிருத்திகள் பெரும்பாலும் தமிழை முன்னரே நன்கு கற்றவருக்காக, அதாவது எழுத்தாளர், பதிப்பாசிரியர், செய்தியாளர் ஆகியோருக்காக உருவாக்கப்பெற்றவை. அவற்றை அப்படியே எடுத்துக் கற்போரிடம் வழங்கிவிட்டு, அவற்றுக்குக் 'கற்றல் துணைக்கருவி' என்று பெயர் சூட்டுகின்றோம். இப்பெயர்மாற்றம் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பிழைக்குள் இருக்கும் விதி

'முயற்ச்சி' என்பது கைதவறி நேர்ந்த எழுத்துப்பிழை அன்று. அம்மாணவர் வளர்ச்சி, மகிழ்ச்சி, நிகழ்ச்சி, தேர்ச்சி, ஆராய்ச்சி ஆகிய சொற்களைப் பலமுறை எழுதிப் பழகியவர். இவை அனைத்திலும் மெய்யெழுத்தை அடுத்துச் சகரம் இரட்டித்து வருகின்றது. இதனைக் கண்ட மாணவர் தாமாகவே ஒரு விதியை அமைத்துக்கொண்டு, அதனை முயற்சி என்னும் சொல்லுக்கும் ஏற்றிவிட்டார். அவர் அமைத்த விதி பாதி சரியானது. ய், ர், ழ் ஆகிய மூன்று மெய்களின் பின்னர் மட்டுமே மற்றோர் ஒற்று இரட்டித்து நிற்கக்கூடும் என்பது தொல்காப்பிய மொழிமரபு கூறும் செய்தி. ட், ற் ஆகியவற்றின் பின்னர் அவ்வாறு நிற்றல் இயலாது. எனவேதான் வளர்ச்சி சரி, முயற்ச்சி பிழை. ஆராய்ச்சி சரி, காட்ச்சி பிழை. மாணவர் கட்டுரைகளில் நாம் அடிக்கடி காணும் 'அதற்க்கு', 'கற்க்கும்', 'கேட்க்க', 'பயிற்ச்சி' ஆகிய யாவும் இவ்வொரு விதியை அறியாமையால் விளைந்தவையே.

நல்லாசிரியர் ஒருவர் இப்பிழையைக் கண்டவுடன் மாணவரிடம் எது இருக்கின்றது, எது இல்லை என்பதை உணர்ந்துகொள்வார். கரும்பலகையில் இரண்டு வரிசைகளாகச் சொற்களை எழுதி, வேறுபாட்டை மாணவரே கண்டுசொல்லும்படி செய்வார். பத்து நிமிடப் பாடம் ஐந்தாறு வகைப் பிழைகளை ஒருங்கே களைந்துவிடும். பிழைதிருத்தியோ ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே திருத்துகின்றது. 'முயற்ச்சி'க்கும் 'கேட்க்க'வுக்கும் இடையிலுள்ள உறவு அதற்குப் புலப்படுவதில்லை. ஆதலின் மாணவருக்கும் புலப்படுவதில்லை. அடுத்த வாரம் அவர் 'சுழற்ச்சி' என்று எழுதுவார்; மீண்டும் ஒரு சொடுக்கு; மீண்டும் கோடு மறையும்.

மொழிகற்றல் ஆய்வுலகில் இக்கருத்து புதியதன்று. எஸ். பிட் கோர்டர் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், கற்போரின் பிழைகளை இரு கூறாகப் பிரித்தார். களைப்பாலோ கவனக்குறைவாலோ நேரும் தவறுகள் ஒருவகை. கற்பவர் தம் மனத்துள் அமைத்துக்கொண்ட மொழியொழுங்கிலிருந்து முறையாகப் பிறக்கும் பிழைகள் மற்றொருவகை. முன்னவற்றால் ஆசிரியர் அறிவது சிறிது. பின்னவை கற்றல் எந்நிலையில் உள்ளது என்பதற்கான சான்றுகள். லாரி செலிங்கர் 1972ஆம் ஆண்டில் இவ்வொழுங்கிற்கு 'இடைமொழி' என்று பொருள்படும் பெயரை வழங்கினார். இவ்விரு அறிஞரின் கருத்துகளும் நம் ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் கருவி என்று வந்தவுடன் நாம் அவற்றை மறந்துவிடுகின்றோம். சான்றைக் கண்டவுடன் அழித்துவிடும் ஒன்றை வகுப்பறைக்குள் அழைத்து வருகின்றோம்.

கருவிகளின் திறனும் எல்லையும்

இவ்வாறு கூறுவதால் தமிழ்க் கணிமைத் துறையினரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடுவதாகக் கருதலாகாது. சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டு நடைபெற்ற தமிழ்நெட் மாநாடு தொடங்கி, 2001, 2013 ஆகிய ஆண்டுகளில் கோலாலம்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடுகள் வரை இத்துறை கடந்து வந்த வழி நெடியது. நா. கோவிந்தசாமி, முத்து நெடுமாறன் போன்றோர் எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் செய்த பணி இல்லையேல் கணினியில் தமிழ் எழுதும் மாணவரே நமக்குக் கிடைத்திரார். பேராசிரியர் ந. தெய்வ சுந்தரத்தின் 'மென்தமிழ்' சொல்லாளர், நீச்சல்காரனின் 'வாணி', 'நாவி' ஆகிய பிழைதிருத்திகள் என்பன பதிப்புப் பணிக்குப் பெருந்துணை புரிவன. ஆங்கிலத்தைப் போன்று சொற்பட்டியல் ஒன்றைக் கொண்டே தமிழுக்குப் பிழைதிருத்தி அமைத்துவிட இயலாது என்பதை அறிந்தோர் இவ்வுழைப்பின் அருமையை உணர்வர். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக' என்னும் ஒரே சொல்லில் வினையடி, வினையெச்ச ஈறு, துணைவினை, வினையாலணையும் பெயரின் ஈறு, பன்மை விகுதி, வேற்றுமை உருபு, அதன்பின் 'ஆக' என அத்தனையும் அடுக்கி நிற்கின்றன. ஒரு வினையடியிலிருந்து பிறக்கும் வடிவங்களை எல்லாம் பட்டியலிட முற்பட்டால் பட்டியல் முடிவுறாது. எனவே உருபனியல் பகுப்பாய்வி தேவைப்படுகின்றது.

இத்தகு பகுப்பாய்விகளுள் குறிப்பிடத்தக்கது க. சர்வேஸ்வரன், கிகான் டயஸ், மிரியம் பட் ஆகியோர் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட 'தமிழிமார்ப்' ஆகும். வரம்புற்ற நிலைகளின் வலையமைப்பாக இலக்கண விதிகளை வகுத்து, சொல்லை அதன் வழியே செலுத்திப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்தறிவது அதன் செயல்முறை. நன்னூலின் பகுபத உறுப்பிலக்கணத்தைப் பயின்றவருக்கு இம்முறை அயன்மையாகத் தோன்றாது. ஆயினும் பகுப்பாய்வியின் வலையமைப்பில் சரியான சொற்களுக்கு மட்டுமே வழி உண்டு. 'முயற்ச்சி' உள்ளே நுழைந்தால் வழி அடைபட்டு, 'அறியப்படாத சொல்' என்னும் விடையே கிடைக்கும். சொல்லைப் பகுத்தறிவதில் அது காட்டும் நுட்பம் அனைத்தும், கற்பவருக்குத் துணை தேவைப்படும் அவ்விடத்தில் பயன்படாமற் போகின்றது.

இதற்குத் தீர்வு உண்டு. கற்போர் வழக்கமாகச் செய்யும் பிழைகளையும் விதிகளாகவே எழுதி, அடையாளமிட்டு, வலையமைப்பில் சேர்த்துவிடுதல் அது. அறிவார்ந்த பயிற்று மென்பொருள்களை உருவாக்குவோர் 1980களிலிருந்தே இம்முறையைக் கையாண்டுள்ளனர். இவற்றைப் 'பிழைவிதிகள்' என்று நாம் அழைக்கலாம். 'ட், ற் ஆகியவற்றின் பின் வல்லினம் இரட்டித்தல்' என்பது ஒரு பிழைவிதி. அதனைச் சேர்த்துவிட்டால் பகுப்பாய்வி 'முயற்ச்சி'யை ஏற்றுக்கொண்டு, 'இது முயற்சி. இவ்விதியின் வழி வந்தது' என்று கூறவல்லதாகும். அப்பொழுதுதான் அம்மாணவர் கடந்த மாதம் எழுதிய 'அதற்க்கு' என்பதும் இதனோடு சேர்த்து எண்ணப்படும். இதற்குப் பெருங்கணினியும் பெரும்பொருளும் வேண்டுவதில்லை. எந்தப் பிழைகளை மாணவர் உண்மையில் செய்கின்றனர் என்னும் அறிவே வேண்டும்.

சிவப்புக் கோடு விழாத இடங்கள்

பிழைதிருத்தி காட்டும் பிழைகளைவிட அது காட்டாத பிழைகளே கற்போருக்குப் பெருந்தீங்கு பயக்கின்றன. 'மாலையில் கடைக்குச் சென்று பலம் வாங்கினேன்' என்று மாணவர் எழுதுகின்றார். ஐந்து சொற்களும் அகராதியில் உள்ளவை. கோடு எதுவும் விழாது. பழம் பலமானதைச் சொல்நிலையில் மட்டும் செயற்படும் கருவியால் அறிய இயலாது. மலேசிய, சிங்கப்பூர் மாணவருள் பலர் லகர, ளகர, ழகர ஒலிகளை வேறுபடுத்தி ஒலிப்பதில்லை. எனவே வலி, வளி, வழி என்பன அவர்தம் காதுக்கு ஒன்றே. பனி, பணி, மரம், மறம், கரி, கறி என இவ்விணைகள் நீளும். தமிழை நன்கறிந்தவர் இத்தகைய பிழையைச் செய்வது அரிது. ஆகவே அவருக்காக அமைந்த கருவியில் இதற்கு இடம் ஒதுக்கப்படாமை இயல்பே. கற்பவரோ கோடு விழாமையைச் சரி என்பதற்கான சான்றாகக் கொள்கின்றார். கருவியின் மௌனம் அவருக்கு ஒப்புதலாகிவிடுகின்றது.

சந்தியிலும் இதே சிக்கல் உண்டு. 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை; 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆகிய பலகை. 'வேலை செய்தான்' என்பதற்கும் 'வேலைச் செய்தான்' என்பதற்கும் பொருள் வேறு. இரண்டும் சரியான தொடர்களாதலின், எழுதியவர் கருதிய பொருளை அறியாது ஒற்றினை இடவோ நீக்கவோ இயலாது. சந்திப்பிழைதிருத்தி இவ்விடங்களில் இரு வாய்ப்புகளையும் காட்டிவிட்டு ஒதுங்கலாம். முடிவெடுக்கும் திறன் உடையவருக்கு அது போதுமானது. கற்பவருக்கு அத்திறனே பாடப்பொருள்.

ஆங்கிலம் கற்போருக்கான பிழைதிருத்த ஆய்வில் இவ்வேறுபாடு உணரப்பட்டதற்கு ஒரு சான்று காட்டலாம். கணினிவழி இயற்கைமொழிக் கற்றல் மாநாட்டினர் 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் இலக்கணப் பிழைதிருத்தப் போட்டிகளை நடத்தினர். முதற்போட்டி ஐவகைப் பிழைகளை எடுத்துக்கொண்டது. இரண்டாவது 28 வகைகளை எடுத்துக்கொண்டது. முதலாண்டில், கருவி திருத்தியவற்றுள் எத்தனை சரி என்னும் துல்லியமும், இருந்த பிழைகளுள் எத்தனையைக் கண்டது என்னும் நிறைவும் ஒரே மதிப்புடையனவாகக் கொள்ளப்பட்டன. இரண்டாமாண்டில் துல்லியத்திற்கு இருமடங்கு மதிப்பு அளிக்கப்பட்டது. ஒரு பிழையைக் காணாது விடுவதினும், சரியானதைப் பிழை என்று கூறுவது கருவியின் மீதான நம்பிக்கையை மிகுதியாகக் கெடுக்கும் என்பதே காரணம். கற்பவரைப் பொறுத்தவரை இதன் கேடு இன்னும் ஆழமானது. எழுத்தாளர் தவறான சிவப்புக் கோட்டைப் புறக்கணித்துவிட்டுச் செல்வார். மாணவர் அதனை நம்பித் தாம் அறிந்த சரியான வடிவத்தைக் கைவிட்டுவிடுவார்.

இரட்டை வழக்கும் நம் நாட்டு வழக்கும்

'பறவைகள் பறந்தது' என்று எழுதும் மாணவர் எண்ணிக்கை குறைவன்று. 'பறந்தன' என்று திருத்திவிடுவது எளிது. ஆனால் பேச்சுத்தமிழில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று இல்லை. ஒன்றாயினும் பலவாயினும் 'பறந்துச்சு' என்பதே வழக்கு. எனவே அம்மாணவர் தாம் அறிந்த தமிழின் இலக்கணத்தைப் பிழையின்றிப் பின்பற்றி, எழுத்துவடிவத்தை மட்டும் மாற்றி எழுதியிருக்கின்றார். அவருக்குக் கற்பிக்க வேண்டியது ஒரு சொல்லன்று. எழுத்துத்தமிழில் மட்டும் வாழும் ஒரு வேறுபாடு. மாறாக, வீட்டில் தமிழே பேசாத மாணவர் அதே தொடரை எழுதினால் அதன் காரணம் வேறாக இருத்தல் கூடும். ஒரே பிழைக்கு இரு மூலங்கள், மருந்தும் இரண்டு.

சிங்கப்பூரில் இவ்வேறுபாடு கொள்கை அளவிலேயே முதன்மை பெற்றுள்ளது. 2005ஆம் ஆண்டு தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, தரமான பேச்சுத்தமிழை வகுப்பறையில் கற்பிக்கப் பரிந்துரைத்தது. அங்கு வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழே என்று கூறியோர் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காட்டினர், 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. இச்சூழலில் மாணவர் ஒருவர் 'வந்துட்டான்' என்று எழுதுவாராயின், அது பேச்சுத்தமிழ் அவர் நாவில் வாழ்கின்றது என்பதற்கான நற்சான்று. அதன்கீழும் 'பலம்' போன்ற பிழைக்கு இட வேண்டிய அதே சிவப்புக் கோட்டை இடும் கருவி, பாடத்திட்டம் ஊக்குவிப்பதைத் தண்டிக்கின்றது எனலாம்.

வட்டார வழக்கின் நிலையும் இதுவே. சடக்கு, கித்தா, லயம் ஆகிய சொற்களை இந்நாட்டில் விளக்க வேண்டிய தேவை இல்லை. இவை நம் தோட்டப்புற வாழ்வோடு பிறந்து, நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் நிலைபெற்றவை. தமிழகச் செய்தித்தாள்களையும் இணையப் பக்கங்களையும் திரட்டி ஆக்கிய சொற்றொகுதியில் இவை இடம்பெறும் வாய்ப்பு மிகக் குறைவு. 'தாத்தா கித்தா மரம் வெட்டினார்' என்று பேரன் எழுதினால் கருவி ஐயுறும். எது தமிழ் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அறியாமலேயே நாம் சொற்பட்டியல் தொகுத்தவருக்கு வழங்கிவிடுகின்றோம். பிழைதிருத்தியைப் பள்ளிக்குப் பரிந்துரைக்கும் முன்னர் அதன் சொற்றொகுதி எங்கிருந்து பெறப்பட்டது என்று வினவும் வழக்கம் நம்மிடையே தோன்றுதல் வேண்டும்.

பெருமொழி மாதிரிகளின் வருகை

2022ஆம் ஆண்டின் இறுதியில் 'சாட்ஜிபிடி' வெளிவந்த பின்னர், மேற்கூறிய சிக்கல்கள் யாவும் தீர்ந்துவிட்டன என்று கருதுவோர் உளர். 2023இல் சிங்கப்பூரில் வெளியிடப்பட்ட 'சீ-லயன்' மாதிரி தமிழையும் உள்ளடக்கியது. இவை சூழலை நோக்குவன. எனவே 'பலம் வாங்கினேன்' என்பதைப் 'பழம்' என்று திருத்தும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. இது மெய்யான முன்னேற்றமே. ஆனால் நாம் எழுப்பிய குறை இங்குக் குறையவில்லை, பெருகியிருக்கின்றது. பத்து வரியைக் கொடுத்துத் திருத்தித் தருமாறு கேட்கும் மாணவருக்குப் பத்து வரியும் புதிதாக வருகின்றன. பிழைகள் மட்டுமன்றி அவருடைய தொடரமைப்பும், 'பசியாறினோம்' என்னும் அவருடைய சொல்லும்கூட மாறிவிடக்கூடும். எது பிழையென்று மாற்றப்பட்டது, எது நடைக்காக மாற்றப்பட்டது என்பதை அவர் அறியார்.

விளக்கம் கேட்டால் விளக்கமும் வரும். அது நம்பத்தக்கதா என்பது வேறு. இம்மாதிரிகள் சொல்லை எழுத்து எழுத்தாகக் காண்பதில்லை. ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவது வழக்கம். நாம் நான்கு எழுத்துகளாகக் காணும் 'முயற்சி' ஏழு குறியீடுகளாகி 21 பைட்டுகளைக் கொள்கின்றது. 'முயற்ச்சி' 27 பைட்டுகளைக் கொள்கின்றது. அவற்றைப் புள்ளிவிவர அடிப்படையில் துண்டுகளாக்கியே மாதிரி உட்கொள்கின்றது. துண்டின் எல்லை எழுத்தின் எல்லையோடு பொருந்த வேண்டும் என்னும் நியதி இல்லை. றகர ஒற்றின் பின் சகர ஒற்று நிற்பதைச் சுட்டிக்காட்ட வேண்டிய இடத்தில் அது தடுமாறுவதற்கு இஃது ஒரு காரணம். திருத்தம் சரியாகவும், அதற்குக் கூறும் இலக்கணக் காரணம் தவறாகவும், இரண்டும் ஒரே உறுதியோடும் அமைந்துவிடலாம். ஐயுறும் திறன் பெறாத பத்து வயது மாணவரிடம் இதனைத் தனியே விடுவது தகாது என்பது நம் கருத்து. ஆசிரியர் கையில் இருப்பின் நிலை வேறு; முப்பது கட்டுரைகளிலுள்ள பிழைகளை வகைப்படுத்தித் தருமாறு கேட்டு, வந்ததைச் சரிபார்த்துக்கொள்ள அவரால் இயலும்.

இல்லாத தொகுப்பு

மேலே குறித்த 2013, 2014 போட்டிகளுக்கு அடிப்படையாக அமைந்தது எது என்பதை நோக்கினால் நமக்குச் சற்று நாணமுண்டாகும். அது சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான, ஆங்கிலம் கற்போர் எழுத்துத் தொகுப்பு. மாணவர் எழுதிய ஏறத்தாழ 1,400 கட்டுரைகளை மொழியாசிரியர்கள் படித்து, ஒவ்வொரு பிழையையும் வகைப்படுத்தி, திருத்தத்தையும் குறித்து வைத்துள்ளனர். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டிலேயே இப்பணி நிகழ்ந்தது. ஆயினும் ஆங்கிலத்திற்கு நிகழ்ந்தது. தமிழில் தொடரிலக்கணக் குறியிட்ட தொகுப்பாகப் பிராகு நகரில் உருவான தமிழ்த் தொடர்மரத்தொகுப்பு 600 வாக்கியங்களைக் கொண்டது. அவையும் செய்தித்தாள் வாக்கியங்கள். அதாவது, கற்றவர் எழுதியவை.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. 2019ஆம் ஆண்டு இறுதியாக நடைபெற்ற யூபிஎஸ்ஆர் தேர்வு வரை, ஆண்டுதோறும் ஆறாம் ஆண்டு மாணவர் ஆயிரக்கணக்கில் தமிழில் கட்டுரை எழுதினர். வகுப்பறைப் பயிற்றேடுகளைச் சேர்த்தால் கணக்கு இன்னும் பெருகும். அவ்வேடுகள் ஆண்டிறுதியில் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குச் செல்கின்றன. ஆசிரியர் சிவப்பு மையில் ஓராண்டு முழுவதும் இட்ட குறிப்புகளும் அவற்றுடன் செல்கின்றன. பிழைவிதிகளை எழுதுவதற்கு வேண்டிய செய்தி வேறெங்கும் இல்லை, அவ்வேடுகளில்தான் உள்ளது.

ஒரு மாவட்டத்தின் சில பள்ளிகளைக் கொண்டேனும் இப்பணியைத் தொடங்கலாம். பெற்றோரின் இசைவு பெறல், மாணவர் பெயரையும் பள்ளியின் பெயரையும் நீக்கல், வீட்டில் பேசும் மொழி, பயிலும் ஆண்டு ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொள்ளல் ஆகியன முதற்படிகள். பிழைகளை வகைப்படுத்துவதில் ஆசிரியரிடையே கருத்து வேறுபாடு எழும். 'விளையாட்டு போட்டி' என ஒற்று விடுபட்டதற்கு அறியாமை காரணமா, விளம்பரப் பலகைகளின் பழக்கம் காரணமா என்று ஒரே ஏட்டைப் பார்த்து இருவர் இருவேறாகக் கூறக்கூடும். இரு கருத்தையும் பதிவு செய்தலே நேரிது. கையெழுத்தேடுகளைக் கணினியில் ஏற்றுவோருக்கு ஓர் அறிவுரையை முன்கூட்டியே வழங்கிவிடுதலும் நன்று: தட்டச்சுக்கு அமர்வதற்கு முன்னர்ச் சொல்லாளரிலும் விசைப்பலகையிலும் உள்ள பிழைதிருத்தியையும் சொற்பரிந்துரையையும் அணைத்துவிடுதல் வேண்டும், இல்லையேல் 'முயற்ச்சி' நம் தொகுப்பிலும் 'முயற்சி' என்றே பதிவாகிவிடும்.